கம்பெனிக்கு ஒரு டேட்டா சென்டர்: நாலு ரேக்கை வைத்து முழுக் கணக்கு

கம்பெனிக்கு டேட்டா சென்டர் அமைக்கும் வேலை உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. சர்வர், நெட்வொர்க் எல்லாம் தெரியும், ஆனால் கட்டடம், கரண்ட், ஏசி பக்கம் போனதே இல்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் மெகாவாட் கணக்கில் எழும்பும் பெரிய கட்டடங்களைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. சென்னையிலோ கோவையிலோ ஓசூரிலோ ஒரு நடுத்தரக் கம்பெனி, சொந்தக் கட்டடத்தில் நாலு ரேக் (சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரி) வைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து போகலாம். நாலு ரேக்கை ஒழுங்காகச் செய்தவருக்கு நாற்பது ரேக்கும் பெரிய பயம் தராது.

இந்த வேலையில் கம்ப்யூட்டர் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மின்சாரம், வெப்பம், தண்ணீர், நெருப்பு, அப்புறம் அங்கே நடமாடும் மனிதர்கள். வாங்கிப்போடும் ஒவ்வொரு பொருளும் என்றாவது ஒருநாள் நிற்கும். அது நின்றால் அடுத்து என்ன ஆகும் என்பதை வாங்குவதற்கு முன்பே யோசித்து எழுதிவைத்தீர்களா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கீழே வருகிற ஒவ்வொரு படியிலும் இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன்.

சொந்தமாக வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

மெயில், அலுவலக ஃபைல்கள், வாடிக்கையாளர் பார்க்கும் இணையதளம், இதற்கெல்லாம் கிளவுட் போதும். ஆலை இயந்திரங்களோடு நொடிக்கு நொடி பேசும் மென்பொருள், நூற்றுக்கணக்கான சிசிடிவி கேமராக்களின் பதிவு, ஒரு ஃபைலே பல ஜிபி இருக்கும் டிசைன் வேலை, இன்டர்நெட் அறுந்துபோனாலும் பில் போட்டே ஆக வேண்டிய கிடங்கு, இவைதான் சர்வரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள நியாயமான காரணங்கள். "டேட்டா நம்ம கையில இருக்கணும்" என்பது மட்டும்தான் காரணம் என்றால் நடுவில் கோலொகேஷன் என்று ஒரு வழி இருக்கிறது. சர்வர் உங்களுடையது, ரேக்கும் கரண்டும் குளிர்ச்சியும் அவர்களுடையது. கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால் சென்னையில் இந்தச் சேவை தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பேரம் பேச இடமும் உண்டு.

ஒப்பிடும்போது சர்வர் விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். நாலு ரேக்கும் சேர்ந்து 20 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏசி, யூபிஎஸ் இழப்பு எல்லாம் சேர்த்தால் சின்ன அறைகளில் மொத்த மின்நுகர்வு இதைப்போல 1.7 மடங்குக்கு எளிதில் போய்விடும். இந்த விகிதத்துக்குத்தான் பியூஇ என்று பெயர். ஆக 34 கிலோவாட், வருஷத்துக்கு 8,760 மணி நேரம், ஏறத்தாழ 3 லட்சம் யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று போட்டால் வருஷத்துக்கு ஏறத்தாழ 27 லட்சம் ரூபாய் கரண்ட் பில் மட்டும். இந்த எண்ணை முதல் பக்கத்திலேயே போட்டு மேலிடத்துக்குக் காட்டுங்கள். சரி என்று கையெழுத்து விழுந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

சுமைக் கணக்கு

ஒரு விரிதாளைத் திறந்து, வைக்கப்போகும் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு வரிசையில் எழுதுங்கள்: எத்தனை யூ உயரம் (ஒரு யூ என்பது 1.75 அங்குலம், வழக்கமான ரேக் 42 யூ), எத்தனை கிலோ எடை, எத்தனை வாட், எத்தனை பவர் சப்ளை, எந்த வகை பிளக். வாட் என்ற இடத்தில் எல்லோரும் தடுமாறுவார்கள். பவர் சப்ளையின் மேல் 800 வாட் என்று அச்சடித்திருப்பது அது தரக்கூடிய உச்சம், சர்வர் தினமும் இழுப்பது அல்ல. இரண்டு பவர் சப்ளை இருக்கிறது என்று 1,600 போட்டால் தேவையைப்போல மூன்று நாலு மடங்கு பெரிய யூபிஎஸ் வாங்கிவிட்டு, அதைக் குறைந்த சுமையில் ஓட்டி வருஷக்கணக்காகக் கரண்டை வீணடிப்பீர்கள். ஏற்கெனவே ஓடும் சர்வர் என்றால் ஐடிராக், ஐஎல்ஓ போன்ற நிர்வாகப் பக்கத்திலேயே கடந்த நாட்களின் உச்ச வாட் தெரியும். அந்த எண்ணை எடுங்கள். புதியது என்றால் தயாரிப்பாளர்களின் பவர் கால்குலேட்டர் இருக்கிறது. அதன்மேல் இரண்டு மூன்று வருஷ வளர்ச்சிக்கு ஒரு பங்கு சேர்த்தால் போதும். பத்து வருஷத்துக்கு இப்போதே வாங்க வேண்டாம், வளர்ந்தால் சேர்க்க இடம் விட்டுவைத்தால் போதும்.

இடம்

தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வரும் என்று கட்டடத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அடித்தளம் வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் சர்வரை மூன்றாவது மாடியில் வைத்துவிட்டு ஜெனரேட்டரையோ மெயின் பேனலையோ டீசல் பம்ப்பையோ கீழே விட்டுவிடுகிறார்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கில் அடித்தபோது 75 பிராட் ஸ்ட்ரீட் கட்டடத்தில் நடந்தது இதுதான்: ஜெனரேட்டர் மாடியில் பத்திரமாக இருந்தது, அதற்கு எரிபொருள் ஏற்றும் அமைப்பு அடித்தளத்தில் மூழ்கிவிட்டது. அங்கே சர்வர் வைத்திருந்த நிறுவனங்களின் ஊழியர்கள் வரிசையாக நின்று பதினேழாவது மாடிவரை வாளியில் டீசல் தூக்கினார்கள். சர்வர் அறையிலிருந்து தெரு மின்கம்பம் வரை வழியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்தும் தண்ணீர் வரும். அறைக்கு நேர் மேலே கழிப்பறை, பேன்ட்ரி, தண்ணீர்த் தொட்டி எதுவும் கூடாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே வேண்டாம், வெயிலும் கசிவும் சேர்ந்து வரும். மேற்குப் பார்த்த சுவரும் ஜன்னலும் இருந்தால் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள்.

அடுத்தது எடை. நிறைந்த ரேக் 800 கிலோவிலிருந்து ஒரு டன் வரை போகும், அது நிற்பதோ முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். சாதாரண அலுவலகத் தளம் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோவுக்குத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும். பேட்டரி அடுக்கு இதைவிட மோசம். 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர் மணி) பேட்டரி ஒன்றே 30 கிலோ அளவில் வரும், அதில் நாற்பது அடுக்கினால் 1.2 டன் ஆகும். இதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. கட்டட வடிவமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து, எடைப் பட்டியலைக் கையில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். கூடவே லாரியிலிருந்து அறைவரை அந்த ரேக் எப்படி வரும் என்று வழியையும் அளந்துவிடுங்கள்: லிஃப்ட் கதவின் உயரம், அது தாங்கும் எடை, திருப்பங்கள், அறைக் கதவின் அகலம்.

மின்சாரம்

அதிக நேரமும் அதிகப் பணமும் இங்கேதான் போக வேண்டும். பாதை இப்படி இருக்கும்: ஈபி மின்சாரம், அதற்குப் பக்கத்தில் ஜெனரேட்டர், இரண்டையும் மாற்றிவிடும் தானியங்கிச் சுவிட்ச், அங்கிருந்து யூபிஎஸ், யூபிஎஸ்ஸிலிருந்து ரேக்குக்குப் போகும் பிரேக்கர்கள், ரேக்கின் பின்னால் செங்குத்தாக நிற்கும் பிளக் பட்டையான பிடியூ.

யூபிஎஸ் ஆன்லைன் வகையாக (ஈபி இருக்கும்போதும் மின்சாரம் யூபிஎஸ் வழியாகவே மாறிப் போகும் வகை) இருக்க வேண்டும், அதில் பேரமே இல்லை. 20 கிலோவாட் சுமைக்கு ஒரு பெரிய யூபிஎஸ் வாங்குவதைவிட 30 கேவிஏ அளவில் இரண்டு வாங்கி, ஒன்றை ஏ வழி, இன்னொன்றை பி வழி என்று வைத்து, ஒவ்வொரு சர்வரின் இரண்டு பவர் சப்ளையையும் ஏ பிடியூவில் ஒன்று, பி பிடியூவில் ஒன்று என்று செருகுங்கள். இப்போது இரண்டும் ஆளுக்குப் பாதியாக 10 கிலோவாட் சுமக்கும். ஒன்று போனால் இன்னொன்றின் மேல் முழு 20 கிலோவாட்டும் வந்து விழும். பவர் ஃபேக்டர் 0.9 என்றால் 30 கேவிஏ என்பது 27 கிலோவாட், ஆகவே தாங்கும். பிரச்சினை இரண்டு மூன்று வருஷம் கழித்து வரும். யாரோ புதுச் சர்வர் சேர்ப்பார், இன்னொருவர் ஸ்டோரேஜ் சேர்ப்பார், இரண்டு யூபிஎஸ்ஸும் 60 சதவீதத்தில் ஓடும், திரையில் பச்சை விளக்கு எரியும், எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அன்றைக்கு ஒன்று நின்றால் மற்றது 120 சதவீதம் ஏறி அதுவும் நிற்கும். இரண்டு வாங்கிய பணம் முழுக்க வீண். ஆகவே விதி இதுதான்: ஏ வழியும் பி வழியும் தனித்தனியாக 40 சதவீதத்தைத் தாண்டும்போது அலாரம் அடிக்க வேண்டும், யூபிஎஸ்ஸில் மட்டும் அல்ல, ஒவ்வொரு பிடியூவிலும், ஒவ்வொரு பிரேக்கரிலும்.

பேட்டரி எத்தனை நிமிடம் தாங்க வேண்டும்? ஜெனரேட்டர் பத்துப் பதினைந்து நொடியில் ஓட ஆரம்பித்துவிடும், அதற்காக மணிக்கணக்கில் பேட்டரி தேவையில்லை. ஆனால் ஜெனரேட்டர் ஓடாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு எல்லா விர்ச்சுவல் மெஷினையும் டேட்டாபேஸையும் ஒழுங்காக அணைக்க உங்கள் அமைப்புக்கு எவ்வளவு நேரம் ஆகிறதோ அதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு அமைப்புக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும், அணைப்பது கையால் இல்லாமல் ஸ்கிரிப்ட்டால் நடந்தால். ஈய அமில பேட்டரிக்கு வெப்பம் பரம எதிரி, 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். பேட்டரி அறைக்கு ஏசி வேண்டாம் என்று மிச்சம் பிடிப்பவர்கள் அந்தப் பணத்தைப் பேட்டரிக் கடையில் கொடுப்பார்கள். தொடராகக் கோத்த பேட்டரிகளில் ஒன்று கெட்டாலும் அந்த வரிசையே பயனற்றுப் போகும், அதனால் யூபிஎஸ் ஒன்றுக்கு இரண்டு வரிசை வைப்பது நல்லது.

ஜெனரேட்டர் கணக்கு: யூபிஎஸ் உள்ளே இழுப்பது சார்ஜிங் சேர்த்து 23, 24 கிலோவாட், ஏசி 8, 9 கிலோவாட், விளக்கு மற்றவை ஒன்று. மொத்தம் 33 அல்லது 34. பவர் ஃபேக்டர் 0.8 போட்டால் 42 கேவிஏ. முக்கால் சுமையில் ஓடட்டும் என்றால் 56. சந்தையில் அதற்கு அடுத்து கிடைக்கும் அளவு 62.5 கேவிஏ. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால் மணிக்குப் பத்து லிட்டர், ஒரு நாளைக்கு 240. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபின் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் பெட்ரோல் பங்க்குக்குப் போகும் வழியில் மரம் விழுந்து கிடக்கும் என்பதையும் சேர்த்து டேங்க் அளவை முடிவு செய்யுங்கள். ஜெனரேட்டருக்கு மின் ஆய்வுத் துறையின் ஒப்புதல் வேண்டும். 2023 ஜூலையில் வந்த சிபிசிபி (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) நான்கு பிளஸ் புகை விதிக்கு ஏற்றதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரர் இந்தக் காகித வேலையைப் பார்த்துக்கொள்வார், ஆனால் கோப்பின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

எர்த்திங் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஆகவே நீங்கள் பேசுங்கள். எர்த் குழியின் மின்தடை ஒரு ஓமுக்குள் இருக்கிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட்டேஜ் இரண்டுக்குள் இருக்கிறதா என்று அளந்து கையெழுத்து வாங்குங்கள். கோடையில் மண் காய்ந்தபின் மறுபடி அளக்க வேண்டும்.

கரண்ட் போவதைவிடத் திரும்பி வருவது சில சமயம் ஆபத்து. 2017 மே மாதத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானங்கள் நின்றுபோய்ப் பல்லாயிரம் பயணிகள் சிக்கிக்கொண்டார்களே, மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பிறகு கட்டுப்பாடில்லாமல் திரும்பி வந்ததில்தான் கருவிகள் சேதமாயின என்று அந்த நிறுவனத் தரப்பே சொன்னது. முழுவதும் அணைந்துபோன அறையை எந்த வரிசையில் எழுப்ப வேண்டும் என்று ஒரு தாள் எழுதுங்கள்: முதலில் நெட்வொர்க், அப்புறம் ஸ்டோரேஜ், அப்புறம் டிஎன்எஸ் மற்றும் லாகின் சர்வர்கள், அதன்பிறகே மற்றவை. அந்தத் தாளை அச்சடித்து ரேக் கதவில் ஒட்டுங்கள். அணைந்து கிடக்கும் சர்வருக்குள் அந்தத் தாளை வைத்திருந்தால் பயனில்லை.

குளிர்ச்சி

சர்வர் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஒரு கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு, மேலே சொன்ன பிடியூ அல்ல). மணிக்கு 12,000 பிடியு என்பது ஏசி கணக்கில் ஒரு டன். ஆக 20 கிலோவாட்டுக்கு 5.7 டன், யூபிஎஸ், விளக்கு, ஆட்கள், சுவர் வெப்பம் எல்லாம் சேர்த்து 7 டன். மூன்றரை டன் யூனிட் மூன்று வைத்து, இரண்டு ஓட ஒன்று ஓய்வெடுக்க, முறை மாற்றி ஓட்டினால் சரியாக இருக்கும்.

வீட்டு ஸ்பிளிட் ஏசி போதாதா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். மனிதர்கள் இருக்கும் அறைக்காகச் செய்தது அது, தன் சக்தியில் மூன்றில் ஒரு பங்கை ஈரப்பதம் எடுப்பதில் செலவழிக்கும், சர்வருக்கு வியர்க்காது. சர்வர் அறைக்காகவே செய்யும் பிரிசிஷன் ஏசி கிட்டத்தட்ட முழுச் சக்தியையும் வெப்பத்தை இறக்குவதில் போடும், வருஷம் முழுக்க நிற்காமல் ஓடவும் செய்யும். பட்ஜெட் இல்லாமல் ஸ்பிளிட்தான் போடுகிறீர்கள் என்றால் ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள்: மெயினை அணைத்து மறுபடி போட்டால் ஏசி தானாக ஓடுகிறதா? சில மாடல்கள் ரிமோட்டை அழுத்தும்வரை சும்மா நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு ஈபி போய் ஜெனரேட்டர் வந்து சர்வர்கள் அழகாக ஓடிக்கொண்டிருக்க, ஏசி மட்டும் ரிமோட்டுக்குக் காத்திருந்தால் திங்கட்கிழமை காலை என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதற்குத் திங்கள் வரைகூட வேண்டாம். ஆறுக்கு ஐந்து மீட்டர், மூன்று மீட்டர் உயரம் என்றால் அறையில் இருக்கும் காற்று நூறு கிலோவுக்குச் சற்று மேல்தான். 20 கிலோவாட் அந்தக் காற்றை மட்டும் சுட வைத்தால் ஒரு நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். சுவரும் இரும்பும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் நிஜத்தில் அது சில நிமிடங்கள் ஆகிறது, அவ்வளவுதான். யூபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும் என்று பெருமைப்படுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஏசி எல்லாம் ஜெனரேட்டரில் இருக்க வேண்டும், முடிந்தால் உள்ளே காற்றைத் தள்ளும் விசிறிகளை யூபிஎஸ்ஸிலும் போடுங்கள்.

வெப்பநிலை எவ்வளவு? சர்வரின் முன்பக்கம் காற்று நுழையும் இடத்தில் 18 முதல் 27 டிகிரி என்பது ஆஷ்ரே என்ற ஏசி பொறியாளர்கள் அமைப்பின் பரிந்துரை. அறைக்குள் நுழைந்ததும் குளிர் நடுக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. 24இல் வைத்தால் மிஷினுக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது. அளக்கும் இடம்தான் முக்கியம், சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் எதையும் சொல்லாது. ரேக்கின் முன்கதவில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று சென்சார்.

ரேக்குகளின் முகங்கள் எல்லாம் ஒரு பக்கமும் முதுகுகள் எல்லாம் மறுபக்கமும் இருக்கட்டும், குளிர்ந்த காற்று முகத்துக்கு வரட்டும். அப்புறம் காலி யூ இடங்கள். ரேக்கில் நடுவே இரண்டு யூ காலியாக இருக்கிறது என்றால் அதன் முன்னால் கையை நீட்டிப் பாருங்கள், வெதுவெதுப்பாகக் காற்று வரும். பின்னால் வெளியேறிய சூடான காற்று அந்த ஓட்டை வழியே முன்னால் சுற்றி வந்து, மேலே இருக்கும் சர்வர் அதையே மறுபடி இழுக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மூடு தகடு ஒன்றைப் பொருத்தினால் அந்தச் சர்வரின் நுழைவு வெப்பநிலை உடனே இறங்குவதை சென்சாரிலேயே பார்க்கலாம். இதைச் செய்யாமல் இன்னொரு ஏசி வாங்கிய கம்பெனிகள் ஏராளம்.

வெளி யூனிட்டை மொட்டை மாடியில் வைக்கும்போது 45 டிகிரி வெளிவெப்பத்தில் அது எத்தனை டன் தரும் என்று பாருங்கள், பட்டியலில் போட்டிருப்பது 35 டிகிரிக்கான எண்ணாக இருக்கலாம். 2022 ஜூலையில் லண்டனில் 40 டிகிரி தொட்டபோது கூகுளுக்கும் ஆரக்கிளுக்குமே அங்கே குளிர்ச்சி கைவிட்டது. ஈசிஆர் பக்கம் கடற்காற்று வரும் இடம் என்றால் காயிலுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு கேளுங்கள். ஏசியின் தண்ணீர்க் குழாய் எந்த ரேக்கின் மேலும் போகக் கூடாது, கீழே ஒரு கசிவு சென்சார் கேபிள் ஓடட்டும்.

தீ

பேட்டரியைத் தனி அறையில் வையுங்கள். இரண்டு தென்கொரியச் சம்பவங்கள் போதும். 2022 அக்டோபர் 15 அன்று பாங்கியோவில் ஒரு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்து, நாடே பயன்படுத்தும் ககாவோடாக் என்ற மெசேஜ் செயலி நின்றுபோனது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜியோனில் அரசின் தேசியத் தகவல் மையத்தில், பேட்டரிகளை வேறு இடத்துக்கு மாற்றும் வேலையின்போது தீப்பிடித்து நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் ஃபைல்களைச் சேமித்த ஜி டிரைவ் என்ற அமைப்பின் 858 டெராபைட், வெளியே பேக்கப் இல்லாததால், போயே போய்விட்டது.

அணைப்பதற்குத் தண்ணீருக்குப் பதில் எஃப்எம் 200 போன்ற வாயு வைப்பது வழக்கம். வாயு தங்குவதற்கு அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், ஆகவே கேபிள் நுழையும் ஓட்டைகளைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைத்து, கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2016 செப்டம்பரில் புக்கரெஸ்டில் ஐஎன்ஜி வங்கியின் டேட்டா சென்டரில் ஒத்திகையாக வாயுவைத் திறந்தபோது, அது பீறிட்ட சத்தத்தின் அதிர்விலேயே ஹார்ட் டிஸ்க்குகள் பழுதாகிவிட்டன. நாசில் எங்கே, எத்தனை டெசிபல், டிஸ்க் அடுக்கை நோக்கி இருக்கிறதா என்று ஒப்பந்ததாரரிடம் கேளுங்கள். புகையைச் சீக்கிரம் மோப்பம் பிடிக்கும் உறிஞ்சு வகை டிடெக்டர் வாங்கப் பணம் இருந்தால் வாங்குங்கள், வாயுவைத் திறக்கும் நிலை வருவதற்கு முன்பே மனிதர் போய்ப் பார்க்க நேரம் கிடைக்கும்.

கேபிள், கதவு, எலி

செம்புக் கேபிள் கேட் 6ஏ போடுங்கள், 10 ஜிபிட் வேகம் 100 மீட்டர்வரை போகும். கேட் 6 என்றால் 55 மீட்டர்தான். டேட்டா கேபிளும் பவர் கேபிளும் வேறு வேறு தட்டில். இரண்டு முனையிலும் ஒரே லேபிள், பேனாவால் அல்ல, பிரின்டரால். எதை எங்கே செருகியிருக்கிறது என்ற பதிவுக்கு நெட்பாக்ஸ் இலவசம், முதல் நாளிலிருந்தே அதில் ஏற்றுங்கள், பிறகு செய்யலாம் என்றால் நடக்காது.

இன்டர்நெட் இரண்டு நிறுவனத்திடம் வாங்கினால் போதாது. இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் வந்தால் சாலை வெட்டும் ஒரே ஜேசிபி இரண்டையும் அறுக்கும். கட்டடத்துக்குள் வெவ்வேறு பக்கத்திலிருந்து நுழைகிறதா என்று நடந்து போய்ப் பாருங்கள்.

எலியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஃபால்ஸ் சீலிங்கும் ரெய்ஸ்டு ஃப்ளோரும் அதற்கு ராஜபாட்டை. ஓட்டைகளை அடைப்பதும், அறைக்குள் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்பதும்தான் முதல் காவல். மீயொலி விரட்டி அதற்குத் துணை மட்டுமே.

கதவுக்குக் கார்டோ விரல்ரேகையோ வையுங்கள், ஆனால் சாவியால் திறக்கும் வழியும் இருக்க வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் உலகம் முழுக்க நின்றபோது, பொறியாளர்கள் நேரில் போய்க் கருவிகளைத் தொடுவதற்கே நேரம் பிடித்தது. அதே காரணத்துக்காக, மெயின் நெட்வொர்க் செத்தாலும் சுவிட்ச், சர்வர் கன்சோலுக்குள் நுழைய 4ஜி மோடம் ஒன்றில் தனி வழி வையுங்கள்.

உள்ளே போவதற்கு முன் நீங்களே அணையுங்கள்

ஒரு சர்வர்கூட ஏற்றாத நிலையில் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அப்புறம் யாரும் அனுமதி தர மாட்டார்கள். லோட் பேங்க் என்று ஹீட்டர் பெட்டிகள் வாடகைக்குக் கிடைக்கும். அதை ரேக்குகளின் இடத்தில் வைத்து முழு 20 கிலோவாட்டையும் ஏற்றி நாலு மணி நேரம் ஓட்டுங்கள். தெர்மல் கேமராவால் ஒவ்வொரு பிரேக்கரையும் கேபிள் இணைப்பையும் பாருங்கள், ஒரு ஃபேஸ் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே திருகு சரியாக முறுக்கவில்லை.

அப்புறம் எலக்ட்ரீஷியனை மெயின் பேனலில் நிறுத்தி, ஈபியை அணைக்கச் சொல்லுங்கள். விளக்கு அணையும், யூபிஎஸ் பீப் அடிக்கும், ஏசி விசிறி மெல்ல அடங்கும், பிறகு ஜெனரேட்டர் உறுமும். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: ஜெனரேட்டர் எத்தனாவது நொடியில் சுமை ஏற்றது, ஏசி கம்ப்ரஸர் எத்தனாவது நிமிடத்தில் மறுபடி ஓடியது, அதற்குள் வெப்பம் எவ்வளவு ஏறியது. கம்ப்ரஸர்களுக்குள் மூன்று நிமிடத் தாமதம் வைத்திருப்பார்கள், மேலே போட்ட வெப்பக் கணக்கோடு அதைப் பொருத்திப் பாருங்கள். ஈபியைத் திரும்பப் போட்டும் பாருங்கள். ஏ வழியை அணையுங்கள், பி வழியை அணையுங்கள், ஒரு ஏசியை அணையுங்கள், தீ அலாரத்தை அழுத்தி ஏசி நிற்கிறதா, கதவு திறக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் ஒன்றுகூடத் தவறாமல் சரியாக நடந்தபிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.

தினசரி நிர்வாகம்

கண்காணிப்புக்கு ஜாபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ் இரண்டும் இலவசம், இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும். அலாரம் இன்டர்நெட் வழியாக மட்டும் போனால் இன்டர்நெட் போன அன்று அலாரமும் வராது. சிம் போட்ட ஒரு மோடத்திலிருந்து எஸ்எம்எஸ் போகட்டும். எதற்கு அலாரம் என்பதைக் கறாராகக் குறையுங்கள், ராத்திரி முழுக்க நாற்பது செய்தி வந்தால் எந்த மனிதரும் நாற்பத்தொன்றாவதைப் படிக்க மாட்டார்.

வாரத்துக்கு ஒருமுறை ஜெனரேட்டரை ஓட்டுங்கள், மாதம் ஒருமுறை சுமையோடு. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வசதி, மின்வாரியமே பராமரிப்புக்காக அறிவித்துவிட்டு மின்சாரத்தை நிறுத்துகிறது. அந்த நாளைத் தொல்லையாக நினைக்காமல் சோதனை நாளாக நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், வருஷக்கணக்காக நிற்கும் டீசல் கெட்டுப்போய் ஃபில்டரை அடைக்கும். பேட்டரிகளின் உள்தடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள், நாலைந்து வருஷத்தில் மாற்றப் பட்ஜெட்டை இப்போதே எழுதுங்கள்.

ஏஎம்சி (வருஷப் பராமரிப்பு) ஒப்பந்தத்தில் "நாலு மணி நேரத்தில் ஆள் வருவார்" என்றிருக்கிறதா, "நாலு மணி நேரத்தில் சரியாகும்" என்றிருக்கிறதா என்று படியுங்கள். உதிரி பாகம் எந்த ஊரில் இருக்கிறது என்றும் கேளுங்கள். மும்பையிலிருந்து போர்டு வர வேண்டுமென்றால் கோவையில் ஆள் இருந்து என்ன பயன்?

அறைக்குள் செய்யும் எந்த மாற்றத்தையும், ஒரு கேபிளைப் பிடுங்குவதைக்கூட, யார், எப்போது, ஏன், சரியாகாவிட்டால் எப்படித் திரும்புவது என்று எழுதிவிட்டுச் செய்யும் பழக்கம் வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் மாற்றம் வேண்டாம். வெளியாள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க உங்கள் ஆள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும், துப்புரவு செய்பவர் வேக்குவத்தை எந்த பிளக்கில் செருக வேண்டும் என்பது உட்பட.

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட் இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும், சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும், கடிகாரங்களை அவர்கள் சொல்லும் நேர சர்வர்களோடு பொருத்த வேண்டும். இதற்கான ஸ்டோரேஜை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

பேக்கப் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். வேறு அறையில் வைப்பது வேறு ஊரில் வைப்பதாகாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச்கிளவுட் என்ற கிளவுட் நிறுவனத்தின் கட்டடம் எரிந்தபோது பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு டேட்டாபேஸை முழுவதும் மீட்டெடுத்து, அந்தத் துறைக்காரரை உட்காரவைத்து, எண்கள் சரியா என்று கேளுங்கள். ஐடி ஆட்கள் மட்டும் பார்த்துச் சரி என்பது போதாது.

கடைசியாக, ஆயுள் முடிந்த பொருட்கள். பழைய சர்வரை மொத்தமாக ஸ்கிராப் வாங்குபவரிடம் எடை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி, சீரியல் எண்ணைக் குறித்து, அழித்தோ துளையிட்டோ, பதிவு செய்த மின்கழிவு நிறுவனத்திடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்குங்கள். பேட்டரிக்கும் அதேபோல் விதி இருக்கிறது, வாங்கும்போதே பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். கழற்றிய சர்வரின் பெயரை நெட்பாக்ஸிலிருந்தும், கண்காணிப்பிலிருந்தும், டிஎன்எஸ்ஸிலிருந்தும், ஏஎம்சி பட்டியலிலிருந்தும் அதே நாளில் எடுத்துவிடுங்கள்.